சுருங்குவது மட்டுமா இதயத்தின் வேலை?

மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துப் பாருங்கள். நாடி அடிக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறோம். நிமிடத்திற்கு ஏறத்தாழ 72. நாள் ஒன்றுக்கு ஓர் இலட்சத்திற்கும் மேல். ஆனால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே இருக்கும் அமைதியை எண்ணிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

ஒரு துடிப்புக்கு ஆகும் நேரம் 0.8 விநாடி. அதில் இதயத்தின் கீழறைகள் சுருங்கியிருப்பது சுமார் 0.3 விநாடிதான். மீதி 0.5 விநாடியும் அவை தளர்ந்திருக்கின்றன. அதாவது, இதயம் தன் வாழ்நாளில் பாதிக்கும் மேற்பட்ட காலத்தைத் தளர்ச்சியிலேயே கழிக்கிறது. இரத்தம் வந்து நிரம்புவது அப்போதுதான். இடக் கீழறையின் தசை தனக்கு வேண்டிய இரத்தத்தைப் பெரும்பாலும் பெற்றுக்கொள்வதும் அப்போதுதான்.

ஆனால் நாம் படிப்பது என்ன? தேர்வில் எழுதுவது என்ன? "இதயம் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளுகிறது" என்று இரண்டு பக்கம் எழுதுகிறோம். "பின்னர் அது பழைய நிலையை அடைகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் ஒரு பெரும் பாடம் மறைந்திருக்கிறது, அதைப் படிக்காமல் விட்டால் உயிருக்கே கேடு வரக்கூடும் என்பதை எடுத்துச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

நான் செய்த பிழை

முதலில் என் பிழையை ஒப்புக்கொள்கிறேன். சென்ற ஆண்டு என் தந்தையாருக்கு இதயத் தசை பலவீனமாகிவிட்டது என்று மருத்துவர் கூறினார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், கால் வீங்கும். அவருக்கு எழுதித் தந்த மாத்திரைகளுள் மெட்டோப்ரோலால் என்பதும் ஒன்று. தொடக்கத்தில் அரை மாத்திரைதான். அது என்ன மருந்து என்று தேடிப் பார்த்தேன். அட்ரினலினின் வேலையைத் தடுப்பது என்று இருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட்ரினலின் இதயத்தின் வேகத்தையும் வலிமையையும் கூட்டும் என்று நான் படித்திருக்கிறேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். பலவீனமான இதயத்திற்கு வலிமை தருவதை விட்டு, இருக்கும் வலிமையையும் தடுப்பதா? "அப்பா, இந்த மாத்திரை மட்டும் வேண்டாம்" என்றேன். "நீ படிக்கிற பிள்ளை, உனக்குத் தெரியாததா?" என்று அவரும் நிறுத்திவிட்டார்.

ஒன்பதாம் நாள் இரவு அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறினார். மருத்துவமனைக்கு ஓடினோம். நிலைமை சீரானபின் அந்த மருத்துவ அம்மையார் என்னை அழைத்தார். "தம்பி என்ன படிக்கிறீங்க?" என்றார். "மூன்றாம் ஆண்டு விலங்கியல், டாக்டர்" என்றேன். "அப்போ பாதிப் பாடம்தான் படிச்சிருக்கீங்க. மீதிப் பாதியையும் படிச்சிட்டு வந்து அப்பாவுக்குச் சொல்லுங்க. அதுவரைக்கும் மாத்திரையை நிறுத்தாதீங்க" என்றார்.

அந்த மீதிப் பாதியைத் தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

குழாய் நீர் சொன்ன செய்தி

இலண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளையின் இதயத்தை உப்பு நீரில் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த நீரில் இதயம் நெடுநேரம் துடித்தது. உப்பு நீரே போதும் என்று 1882-இல் முடிவு கட்டினார். பிறகுதான் தெரிந்தது, கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்காமல் குழாய் நீரில் கலந்திருக்கிறார்கள் என்பது. காய்ச்சி வடித்த நீரில் கலந்து பார்த்தார். துடிப்பு சிறிது நேரத்தில் நின்றது. குழாய் நீரில் இருந்து, வடித்த நீரில் இல்லாதது எது? கால்சியம்! 1883-இல் தம் முந்தைய முடிவைத் தாமே திருத்தி வெளியிட்டார். தவறை மறைக்காமல் திருத்திய அந்த நேர்மைதான் இதயத் தசை பற்றிய அறிவுக்கு அடித்தளம்.

இதயத் தசைச் செல்லுக்கு வெளியே கால்சியம் நிறைய இருக்கிறது. தளர்ந்திருக்கும் செல்லுக்குள்ளே அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உண்டு. மின் துடிப்பு வந்ததும் செல்லின் உறையிலுள்ள கால்சிய வாயில்கள் திறக்கின்றன. சிறிதளவு கால்சியம் உள்ளே நுழைகிறது. அது செல்லுக்குள் இருக்கும் கால்சியக் களஞ்சியமான சார்க்கோப்பிளாச வலையைத் தட்டித் திறக்க, அங்கிருந்து பேரளவில் கால்சியம் வெளிவருகிறது. அது ட்ரோப்போனின் என்ற புரதத்தோடு சேர்ந்ததும் ஆக்டின் இழைகளும் மையோசின் இழைகளும் ஒன்றையொன்று பற்றி இழுக்கின்றன. தசை சுருங்குகிறது.

இதுவரை பாடப் பாதி. இனி மறு பாதி. தசை தளர வேண்டுமானால் வெளிவந்த கால்சியம் அனைத்தும் ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் திரும்பிச் செல்ல வேண்டும். அது தானாகப் போகாது. மேட்டை நோக்கி நீர் பாயுமா? களஞ்சியத்தின் சுவரில் ஒரு நொதி பம்பு வைத்து இறைப்பதுபோல் கால்சியத்தை உள்ளே ஏற்றுகிறது. அதற்குக் கூலியாக ஏ.டி.பி.யைச் செலவழிக்கிறது. ஆக, தளர்ச்சி என்பது சும்மா இருப்பதன்று, அதுவும் உழைப்பே.

நொதிகளின் தூது

நாம் ஓடும்போதும் அஞ்சும்போதும் அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது. அது செல்லுக்குள் நுழைவதே இல்லை. வாசலில் நின்று மணி அடிப்பதோடு சரி. வாசலில் இருப்பது பீட்டா ஏற்பி என்னும் புரதம். மணி அடித்ததும் உள்ளே ஜி புரதம் என்ற இடைத் தூதன் எழுந்து, அடினைலில் சைக்ளேஸ் என்ற நொதியைத் தூண்டுகிறான். அந்த நொதி ஏ.டி.பி.யைச் சைக்ளிக் ஏ.எம்.பி.யாக மாற்றுகிறது.

இந்தச் சிறு பொருளைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க அறிஞர் ஏர்ல் சதர்லாந்து. அவர் ஆராய்ந்தது இதயத்தை அன்று, கல்லீரலை! அட்ரினலின் பட்ட கல்லீரல் துகள்களிலிருந்து, கொதிக்க வைத்தாலும் கெடாத ஏதோ ஒரு பொருள் உண்டாகி நொதிகளைத் தூண்டுவதை 1957-இல் அவரும் அவருடைய துணைவர்களும் அறிவித்தனர். 1971-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இப்பொருள் எழுப்பிவிடும் நொதி புரதக் கைனேஸ் ஏ என்பதை எட்வின் கிரெப்சின் குழுவினர் 1968-இல் கண்டனர். ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து வேறொரு புரதத்தின் மீது ஒட்டுவதே அதன் தொழில். ஒட்டப்பட்ட புரதம் தன் நடத்தையை மாற்றிக்கொள்கிறது.

இதயத் தசைச் செல்லில் இக்கைனேஸ் எதன் மீது ஒட்டுகிறது? நண்பர்கள் இங்கே சற்று நிதானித்துப் படிக்க வேண்டுகிறேன். முக்கியமான இடங்கள் மூன்று.

முதலாவது, கால்சிய வாயில். வாயில் நன்கு திறக்கிறது, கால்சியம் மிகுதியாக நுழைகிறது, சுருக்கம் வலுக்கிறது. நெடுங்காலம் வாயிலின் மீதே பாஸ்பேட் ஒட்டுவதாக நம்பினார்கள். வாயிலை அமுக்கிப் பிடித்திருக்கும் ராட் என்ற சிறு புரதத்தின் மீதே ஒட்டுகிறது, அதனால் பிடி தளர்கிறது என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. அறிவியலில் முடிந்துபோன பாடம் என்று எதுவும் இல்லை என்பதற்கு இதுவே சான்று.

இரண்டாவது, பாஸ்போலாம்பன். 52 அமினோ அமிலங்களே கொண்ட சிறு புரதம் இது. 1970-களின் நடுவில் நியூயார்க்கில் ஆர்னால்டு கட்ஸ், மிச்சிஹிகோ தாடா ஆகியோர் குழு இதைக் கண்டறிந்தது. கால்சியத்தை இறைக்கும் அந்தப் பம்பு நொதியின் மீது அமர்ந்து அதன் வேகத்தை மட்டுப்படுத்துவது இதன் வேலை. பாஸ்பேட் ஒட்டியதும் தன் பிடியை விடுகிறது. பம்பு வேகமாக இறைக்கிறது. தசை விரைந்து தளர்கிறது.

மூன்றாவது, ட்ரோப்போனின் தொகுதியைச் சேர்ந்த ட்ரோப்போனின் ஐ. இதன் மீது பாஸ்பேட் ஒட்டினால் ட்ரோப்போனின் கால்சியத்தை எளிதில் கைவிடுகிறது. அதனாலும் தளர்ச்சியே விரைகிறது.

மூன்றில் ஒன்று நேரே சுருக்கத்திற்கு. மற்ற இரண்டும் நேரே தளர்ச்சிக்கு! 'வலுவாகச் சுருங்கு' என்பதே அட்ரினலினின் ஆணை என்றுதான் நான் எண்ணியிருந்தேன். உண்மையில் அந்த ஆணை, 'வலுவாகச் சுருங்கு, விரைந்து தளர்' என்பதாகும். காரணம் எளிது. ஓடும்போது இதயம் நிமிடத்திற்கு 150 முறை துடித்தால் ஒரு துடிப்புக்குக் கிடைப்பது 0.4 விநாடிதான். அதற்குள் சுருங்கவும் வேண்டும், தளரவும் வேண்டும், நிரம்பவும் வேண்டும். தளராத இதயம் நிரம்பாது; நிரம்பாத இதயம் எதைத் தள்ளும்?

செய்தியை அழிக்கும் நொதிகள்

ஏற்றிய விளக்கை அணைக்கவும் ஆள் வேண்டும் அல்லவா? சைக்ளிக் ஏ.எம்.பி.யைச் சிதைப்பதற்கென்றே பாஸ்போடைஎஸ்டரேஸ் என்ற நொதிக் குடும்பம் இருக்கிறது. ஒட்டிய பாஸ்பேட்டுகளைக் கழற்றுவதற்குப் பாஸ்படேஸ் நொதிகள் இருக்கின்றன. இவை ஓயாமல் வேலை செய்வதால்தான் அச்சம் நீங்கிய சில நிமிடங்களில் படபடப்பு அடங்குகிறது.

இதுவும் போதாதென்று, வேகத்தைக் குறைக்கத் தனி நரம்பே இருக்கிறது. ஆட்டோ லோவி என்ற அறிஞர் 1921-இல் ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார். அந்த இதயத்தைச் சூழ்ந்திருந்த கரைசலை எடுத்து இன்னோர் இதயத்தில் செலுத்தினார். நரம்பே தொடாத அந்த இரண்டாம் இதயமும் மெதுவாகத் துடித்தது! கரைசலில் இருந்த பொருள் அசிட்டைல்கோலின் என்பது பின்னர் உறுதியாயிற்று. அது அடினைலில் சைக்ளேஸ் நொதியை அடக்கும் வேறொரு ஜி புரதத்தைத் தூண்டுகிறது. அந்த அசிட்டைல்கோலினையும் சிதைக்க மற்றொரு நொதி உண்டு.

தூண்டுவதற்கு ஒரு நொதி என்றால் அடக்குவதற்கும் ஒரு நொதி. ஒட்டுவதற்கு ஒன்று, கழற்றுவதற்கு ஒன்று. ஆனால் நம் குறிப்பேடுகளில் வரையும் படங்களில் அம்புக்குறிகள் ஒரே திசையில் செல்கின்றன. திரும்பி வரும் அம்பு எங்கே?

சாட்டையும் சாலும்

திரும்பும் அம்பை மறந்தால் என்ன ஆகும் என்பதை மருத்துவ உலகம் பெரும் விலை கொடுத்தே கற்றது.

பலவீனமான இதயத்தில் சைக்ளிக் ஏ.எம்.பி. கூடினால் வலிமை கூடும் அல்லவா? அப்படியானால் அதைச் சிதைக்கும் பாஸ்போடைஎஸ்டரேசைத் தடுத்துவிட்டால் போதுமே! இந்த எண்ணத்தில் பிறந்த மருந்துகளுள் ஒன்று மில்ரினோன். நோயாளிகளின் இதயம் வலுவாகச் சுருங்கியது. கணக்கெல்லாம் சரியாகவே இருந்தது. கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 1,088 பேரிடம் அதை மாத்திரையாகக் கொடுத்து ஆராய்ந்தார்கள். அதன் முடிவு 1991-இல் வெளியாயிற்று. மருந்து பெற்றவர்களிடையே மரணம் 28 விழுக்காடு கூடுதல்! அதே மருந்து இன்றும் நெருக்கடி வேளையில், மருத்துவமனையில், குறுகிய காலத்திற்கு ஊசிவழி பயன்படுகிறது. நாள்தோறும் மாத்திரையாகத் தருவதுதான் கேடாயிற்று.

இதற்கு நேர்மாறான கதை ஒன்றும் உண்டு. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டைன் என்ற மருத்துவரும் அவருடைய துணைவர்களும், இதயத் தசை நோயுற்ற 7 பேருக்கு அட்ரினலினைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். அவர்கள் தேறினார்கள் என்று 1975-இல் எழுதினார்கள். பலவீனமான இதயத்திற்கு இத்தகைய மருந்து ஆகவே ஆகாது என்று பாடம் சொல்லப்பட்ட காலம் அது. ஏழே பேரை வைத்து யார் நம்புவார்கள்? 1982-இல் மைக்கேல் பிரிஸ்டோவின் குழுவினர், செயலிழந்த மனித இதயங்களில் பீட்டா ஏற்பிகள் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டினர். ஓயாது மணி அடித்தால் வீட்டுக்காரர் மணியையே கழற்றி வைத்துவிட மாட்டாரா? அதுபோலத்தான் இதுவும். கடைசியில் 1999-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் முடிவைச் சொல்லின. ஒன்றில் 2,647 பேர், மருந்து பிசோப்ரோலால். மற்றொன்றில் 3,991 பேர், மருந்து மெட்டோப்ரோலால். இரண்டிலும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

என் தந்தையாருக்குக் கொடுத்த அதே மெட்டோப்ரோலால்! நான் நிறுத்தச் சொன்ன அதே மாத்திரை!

எங்கள் தாத்தா காலத்தில் கவலை கட்டித் தண்ணீர் இறைப்பார்களாம். மாடுகள் சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். மாடுகள் பின்னோக்கி ஏறினால் சால் கிணற்றில் இறங்கி நிரம்பும். தண்ணீர் வேண்டுமென்று மாடுகளை ஓயாமல் சாட்டையால் அடித்து விரட்டினால் சால் நிரம்பாது. மாடும் நுரை தள்ளி விழும். மில்ரினோன் மாத்திரை சாட்டை. மெட்டோப்ரோலால், மாட்டை நிதானமாகப் பின்னேற விடும் கை. முதல் நாளே பலன் தெரியாது. அரை மாத்திரையில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். சில மாதங்களில் தளர்ந்து, நிரம்பி, ஓய்ந்து பழகிய இதயம் தானாகவே முன்னிலும் நன்றாகச் சுருங்குகிறது.

இன்னும் ஒரு சான்று. 1994-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பாஸ்போலாம்பன் இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினர். பம்பை மட்டுப்படுத்த ஆளில்லாததால் அவற்றின் இதயம் வலிமையோடு இயங்கியது. ஆனால் 2003-இல் வெளியான ஆய்வில், மரபணுப் பிழையால் இப்புரதம் இல்லாமலே பிறந்த மனிதர் இருவருக்கு இளவயதிலேயே இதயம் செயலிழந்து, இதய மாற்று அறுவைவரை போக நேர்ந்தது தெரிந்தது. நிமிடத்திற்கு 500 முறைக்கு மேல் துடிக்கும் எலிக்கு ஒத்துப்போனது மனிதனுக்கு ஒத்துப்போகவில்லை. தடை என்பது குறையன்று. அதுவும் ஒழுங்கின் ஓர் உறுப்பு.

மறுப்போருக்கு என் விடை

"சுருங்குவதுதானே இதயத்தின் உண்மையான வேலை? தளர்ச்சி அதன் விளைவுதானே? இரண்டுக்கும் சம இடம் தருவது எப்படிப் பொருந்தும்?" என்று சிலர் கேட்கலாம். என் வகுப்பு நண்பர் ஒருவரே கேட்டார். அவருக்கு இரண்டு உண்மைகளைச் சொன்னேன்.

ஒன்று, இறந்தவர் உடல் சில மணி நேரத்தில் விறைத்துப் போவதை நாம் அறிவோம். ஏன் விறைக்கிறது? மையோசின் தன் பிடியை விடுவதற்கும் ஏ.டி.பி. வேண்டும், உயிர் போனபின் அது இல்லை. உயிருள்ள தசைக்கு மட்டுமே தளரத் தெரியும்.

இரண்டு, இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சுருங்கும் ஆற்றல் போதிய அளவில்தான் இருக்கிறது. அவர்களுள் பலரின் குறை, இதயம் சரியாகத் தளர்ந்து நிரம்பாமையே. சுருக்கத்தை மட்டும் அறிந்தவர் இந்நோயாளிகளுக்கு என்ன விளக்கம் தருவார்?

என்ன செய்யலாம்?

ஆசிரியப் பெருமக்களுக்குப் பணிவுடன் சில வேண்டுகோள்கள். கரும்பலகையில் இதயத்தின் பாடத்தை வரையும்போது, ஒவ்வொரு தூண்டும் நொதிக்கும் எதிரே அதை அடக்கும் நொதியையும் வரைந்து காட்டுங்கள். "இதயத் தசை எவ்வாறு சுருங்குகிறது?" என்று ஒரு முறை கேட்டால், "எவ்வாறு தளர்கிறது?" என்று மறுமுறை கேளுங்கள். கேட்காத வினாவுக்கு எந்த மாணவனும் படிக்க மாட்டான். இதை நானே அறிவேன். நொதிகளை வேதியியல் வகுப்பிலும் இதயத்தை விலங்கியல் வகுப்பிலும் தனித்தனியே படிக்கிறோம். கல்லீரலை ஆராய்ந்த சதர்லாந்தின் கண்டுபிடிப்பு இதயத்திற்கு உதவியதுபோல, ஆண்டுக்கு ஒரு முறையாவது இரு துறை ஆசிரியர்களும் ஒரே மேடையில் நின்று இப்பாடத்தை நடத்தினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

மாணவ நண்பர்களுக்கும் ஒன்று சொல்வேன். நம் வீடுகளில் நாம்தான் 'படித்த பிள்ளை'. அம்மாவும் அப்பாவும் மாத்திரை அட்டையை நம்மிடம்தான் நீட்டுவார்கள். அப்போது நாம் படித்தது பாதிப் பாடமா, முழுப் பாடமா என்று ஒரு கணம் நம்மையே கேட்டுக்கொள்வோம். ரிங்கர் தம் தவறைத் திருத்திக்கொள்ள ஓராண்டு பிடித்தது. எனக்கு ஒன்பது நாள் கிடைத்தது. தந்தையார் பிழைத்ததால் அது போதுமானதாயிற்று. எல்லோருக்கும் அப்படி வாய்க்கும் என்று சொல்ல முடியாது.

இப்போது என் தந்தையார் மாடிப்படி ஏறுகிறார். நாள்தோறும் காலையில் அந்த மாத்திரையை நானே எடுத்துக் கொடுக்கிறேன். "இது எதுக்குடா?" என்று ஒரு நாள் கேட்டார். "உங்க இதயம் கொஞ்சம் நிதானமா நிரம்பட்டும்னுதான் அப்பா" என்றேன். அவருக்குப் புரிந்தது.